படித்து முடித்தாயிற்று, பதவி உயர்வுக்கு வழக்குப் போடலாமா?

ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, பகலில் வகுப்பு, இரவில் தொலைநிலைக் கல்விப் பாடம், விடுமுறையில் தொடர்பு வகுப்பு என்று ஓடி பி.ஏ., பி.எட்., எம்.ஏ. வரை முடித்தவர்கள் தமிழ்நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் முன்னுரிமைப் பட்டியல் வந்ததும் தங்கள் பெயரைத் தேடுகிறார்கள். பெயர் இருக்காது; இருந்தால் எதிரே 'தகுதி பெறவில்லை' என்ற குறிப்பு இருக்கும். தமக்குப் பின் பணியில் சேர்ந்தவர் பட்டதாரி ஆசிரியராகவோ முதுகலை ஆசிரியராகவோ ஆணை வாங்கிக்கொண்டு போவார். 'வழக்குப் போடுங்க டீச்சர்' என்று பத்துப் பேர் சொல்வார்கள். எந்தக் காகிதத்தை வைத்துப் போடுவது, யார் மீது போடுவது, எப்போது போடுவது என்று சொல்ல ஆள் இருக்காது.

அந்த மூன்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். முதலிலேயே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்றத்தில் உங்கள் பட்டங்களின் எண்ணிக்கைக்கு எடை கிடையாது. எந்த விதி, எந்தத் தேதி என்ற இரண்டு கேள்விக்குப் பதில் இருந்தால் வழக்கு நிற்கும். இல்லையென்றால் முனைவர் பட்டமே இருந்தாலும் நிற்காது.

உங்களுக்கு இருப்பது என்ன உரிமை?

பதவி உயர்வு பெறுவது அடிப்படை உரிமை அல்ல. பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படுவது அடிப்படை உரிமை. அரசியல் சாசனத்தின் 14, 16 ஆகிய பிரிவுகளிலிருந்து இந்த உரிமை வருகிறது. அஜித் சிங் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகச் சொன்னது. நீங்கள் தகுதி வரம்புக்குள் இருந்தும், உங்கள் முறை வந்தும், உங்கள் பெயரைப் பார்க்காமலே இளையவருக்குக் கொடுத்திருந்தால் அந்த உரிமை மீறப்பட்டிருக்கிறது. உங்களையும் பார்த்து, விதிப்படி வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் மீறப்படவில்லை. உங்கள் குறை இதில் எந்த வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கல்வித் தகுதியை வைத்து ஊழியர்களை வேறுபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு. ஜம்மு காஷ்மீர் பொறியாளர்கள் தொடுத்த திரிலோகி நாத் கோசா வழக்கில் 1974-லேயே இது முடிவாகிவிட்டது. பட்டதாரிகள் மட்டும் மேலே போகலாம், பட்டயக்காரர்கள் போக முடியாது என்று விதி சொன்னால் அது சமத்துவத்துக்கு விரோதமில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். விதி கேட்காத பட்டத்துக்கு விதி எந்த முன்னுரிமையும் தராது. பட்டதாரி ஆசிரியர் பதவிக்கு இளநிலைப் பட்டமும் பி.எட்.டும் கேட்டிருக்க, எம்.பில். முடித்ததால் பட்டியலில் மேலே ஏற்றுங்கள் என்று கேட்டால் மனு முதல் நாளே தள்ளுபடியாகும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் பதவிக்கான சிறப்பு விதியைக் கையில் வாங்குவது. தொடக்கக் கல்வித் துறைக்குத் தமிழ்நாடு தொடக்கக் கல்வி சார்நிலைப் பணி விதிகள். உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்குத் தமிழ்நாடு பள்ளிக் கல்வி சார்நிலைப் பணி விதிகள். முதுகலை ஆசிரியருக்குத் தமிழ்நாடு மேல்நிலைக் கல்விப் பணி விதிகள். இவற்றுக்கெல்லாம் மேலே தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம், 2016 இருக்கிறது. வாட்ஸப் குழுவில் சுற்றும் 'விதிச் சுருக்க'த்தை நம்பி வழக்கறிஞரிடம் போகாதீர்கள். விதியின் முழு வாசகமும், அதைத் திருத்திய அரசாணைகளும் வேண்டும்.

அரசு உதவி பெறும் பள்ளியில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. உங்களுக்குப் பதவி உயர்வு தருவது பள்ளி நிர்வாகம். அதற்கு ஒப்புதல் தருவது கல்வித் துறை. 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 2018-ஆம் ஆண்டுச் சட்டமும்தான் உங்களுக்கான சட்டங்கள். நிர்வாகத்தின் முடிவை எதிர்க்கச் சட்டத்திலேயே மேல்முறையீட்டு வழி இருந்தால், அதைத் தாண்டி நேரே உயர் நீதிமன்றம் போகும்போது 'ஏன் தாண்டினீர்கள்' என்ற கேள்வி எழும். பதிலோடு போங்கள்.

தேதியில்தான் வழக்கு இருக்கிறது

பதவி உயர்வுப் பட்டியல் ஒரு குறிப்பிட்ட நாளை அடிப்படையாக வைத்துத் தயாராகிறது. பள்ளிக் கல்வித் துறையில் பொதுவாக அது ஜனவரி 1. அந்த நாளில் உங்கள் கையில் முழுத் தகுதியும் இருந்திருக்க வேண்டும். டிசம்பரில் தேர்வெழுதிவிட்டேன், முடிவு பிப்ரவரியில் வந்தது என்றால், அந்த ஆண்டுப் பட்டியலில் இடம் கேட்பது கடினம். மதிப்பெண் பட்டியலில் அச்சிட்ட தேதி, தேர்வு முடிவு வெளியான தேதி, தற்காலிகச் சான்றிதழ் தேதி, பட்டமளிப்பு விழாத் தேதி ஆகிய நான்கும் நான்கு விதமாக இருக்கும். தேர்வு முடிவு வெளியான நாளுக்குப் பல்கலைக்கழகத்திடம் எழுத்துவழிச் சான்று வாங்கி வையுங்கள். பிறகு அலுவலகம் பட்டமளிப்பு விழாத் தேதியைப் பிடித்துக்கொண்டு உங்களை ஓராண்டு தள்ளும்போது இந்தச் சான்று கைகொடுக்கும்.

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. பணியில் இருக்கும்போது பட்டம் வாங்கியவருக்கு, பட்டத்துக்கு முந்தைய பணிக்காலமும் அனுபவக் கணக்கில் சேருமா? புதுச்சேரி பொதுப்பணித் துறையில் பிரிவு அலுவலர்களுக்கு இருந்த விதி, பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டுப் பணி, பட்டயம் பெற்றவருக்கு ஆறாண்டுப் பணி என்றது. பணியில் இருந்தபடியே பொறியியல் பட்டம் வாங்கிய பட்டயக்காரர்கள், 'எங்களுக்கு ஏற்கனவே மூன்றாண்டுக்கு மேல் பணி இருக்கிறது, இப்போது பட்டமும் வந்துவிட்டது, உடனே பரிசீலியுங்கள்' என்றார்கள். சென்னையில் இருந்த மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் நின்றது. என். சுரேஷ் நாதன் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவை மாற்றியது. மூன்றாண்டு என்றால் பட்டம் வாங்கிய பிறகு மூன்றாண்டு என்றது. அந்தத் துறை நெடுங்காலமாக அப்படித்தான் கணக்கிட்டு வந்தது என்பது அந்த முடிவுக்கு முக்கியமான காரணம்.

சிறிது காலத்திலேயே மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் இதே நீதிமன்றம் வேறு பதில் சொன்னது. எம்.பி. ஜோஷி வழக்கில், பட்டத்துக்கு முந்தைய பணியையும் சேர்த்துக் கணக்கிடலாம் என்றது. இரண்டும் முரண்பாடு போலத் தோன்றும். விதியின் வாசகத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் முரண்பாடு இல்லை. விதி 'இன்ன தகுதியோடு இத்தனை ஆண்டு' என்கிறதா, 'இத்தனை ஆண்டுப் பணி, மேலும் இன்ன தகுதி' என்கிறதா, துறையின் பழைய வழக்கம் என்ன என்பதைப் பொறுத்து விடை மாறியிருக்கிறது. 2007-ல் சைலேந்திர தானியா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வும் விதியின் முழுத் திட்டத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றது. உங்கள் விதியில் அனுபவ ஆண்டுகள் வந்தால், கடந்த ஐந்தாறு பட்டியல்களில் துறை எப்படிக் கணக்கிட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியல்கள்தான் உங்கள் வழக்கறிஞர் நீதிபதியிடம் காட்டப்போகும் ஆவணம். உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

'நான் தகுதி பெற்றபோது இருந்த விதி வேறு, காலியிடம் வந்ததும் அப்போதுதான், இப்போது விதியை மாற்றிவிட்டார்கள்' என்று பலர் வருந்துகிறார்கள். முன்பு இந்த வாதம் எடுபடும். 1983-ன் ரங்கையா தீர்ப்பு, பழைய காலியிடத்துக்குப் பழைய விதி என்றது. 2022 மே மாதம் இமாச்சலப் பிரதேச அரசு எதிர் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. பரிசீலனை நடக்கும் நாளில் இருக்கும் விதியே பொருந்தும். பழைய விதிப்படி கேட்பதற்கு யாருக்கும் கைவசப்பட்ட உரிமை கிடையாது. இன்றைக்கும் ரங்கையாவை மட்டும் எழுதிய மனுக்கள் தாக்கலாகின்றன. உங்கள் மனுவில் அந்தப் பெயர் இருந்தால், ராஜ்குமார் தீர்ப்புக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று வழக்கறிஞரிடம் தயங்காமல் கேளுங்கள்.

தொடக்கக் கல்வித் துறையில் இந்த மாற்றத்தின் வலி புதியது. ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமையை 2023 டிசம்பர் 21-ல் வந்த அரசாணை 243 மாநில அளவுக்கு மாற்றியது. ஒன்றியத்தில் மூன்றாம் இடத்தில் இருந்தவர் மாநிலப் பட்டியலில் எங்கோ போய் நின்றார். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த அரசாணையையே எதிர்ப்பது ஒரு வழக்கு. அந்த அரசாணைப்படி போட்ட பட்டியலில் உங்கள் இடம் தவறு என்பது வேறொரு வழக்கு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் இரண்டும் பலவீனமாகும்.

பட்டம் செல்லுமா என்பதை நீங்களே முதலில் சோதியுங்கள்

பதவி உயர்வு மறுப்பில் மிகப் பெரிய பங்கு 'பட்டம் ஏற்கத்தக்கதல்ல' என்ற காரணத்துக்கு உண்டு. இதில் நீதிமன்றங்கள் கறாராகவே இருந்திருக்கின்றன. பத்து, பன்னிரண்டு, மூன்றாண்டு இளநிலை, பிறகு முதுகலை என்ற வரிசை உடைந்திருந்தால் ஆபத்து. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரே எம்.ஏ. வாங்கியவரின் தகுதி பற்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், 2009-ல் உச்ச நீதிமன்றம் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளே மேலோங்கும் என்றது. பல்கலைக்கழகம் நடத்தியது, அரசு தடுக்கவில்லை, நான் நம்பிப் படித்தேன் என்ற வாதம் உதவவில்லை. ஓராண்டில் முடித்த இரட்டைப் பட்டத்தை நம்பியிருந்த ஆசிரியர்களும் இதே மாதிரி நீதிமன்ற வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

இளநிலையில் ஒரு பாடமும் முதுகலையில் வேறு பாடமும் படித்து 'கிராஸ் மேஜர்' ஆனவர்கள், தாங்கள் எந்தப் பட்டியலில் எந்த வரிசையில் வருவோம் என்று விதியில் பார்த்துவிட்டே அடுத்த அடி வைக்கவேண்டும். பட்டத்தின் பெயர் வழக்கமான பெயராக இல்லாவிட்டால், அதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள். இணைத்தன்மையை முடிவு செய்வது நீதிபதி அல்ல, அரசு அமைத்த நிபுணர் குழு. அரசாணை இல்லையென்றால் முதலில் இணைத்தன்மை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இன்னும் படிக்கச் சேராதவர்கள் இந்தச் சோதனையைக் கட்டணம் கட்டும் முன்பே செய்துவிடுங்கள். தொலைநிலைப் படிப்பென்றால், சேரும் அந்தக் கல்வியாண்டில் அந்தப் படிப்புக்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள்.

துறை முன் அனுமதி வாங்காமல் படித்துவிட்டவர்கள் பலர். 'பின்னேற்பு' கேட்டு விண்ணப்பிக்கலாம். பதவி உயர்வு நேரம் வரும்வரை காத்திருந்து அப்போது பின்னேற்புக்கு அலைவதுதான் ஆட்களைக் கவிழ்க்கிறது. பட்டம் வாங்கிய மாதமே விண்ணப்பம் கொடுங்கள். பணிப்பதிவேட்டில் (எஸ்.ஆர்.) பட்டம், தேதி, பல்கலைக்கழகம், உண்மைத்தன்மைச் சான்று ஆகியவை பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எஸ்.ஆர்.-இல் ஏறாத பட்டத்தைப் பட்டியல் தயாரிக்கும் எழுத்தர் பார்க்கமாட்டார்.

படித்தால் ஊக்க ஊதியமாவது வரும் என்று இருந்த நிலையும் மாறிவிட்டது. 2020 மார்ச் 10-ல் வந்த அரசாணை 37, உயர்கல்விக்கான முன் ஊதிய உயர்வுகளை நிறுத்தியது. ஆகவே பதவி உயர்வு வழக்கின் எடை ஆசிரியர் குடும்பங்களுக்கு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

தகுதித் தேர்வு

இப்போது எல்லா வழக்கின் நடுவிலும் நிற்பது ஆசிரியர் தகுதித் தேர்வு. கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 23-ஆம் பிரிவின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-ல் அறிவிக்கை வெளியிட்டு, ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்க இந்தத் தேர்வைக் கட்டாயமாக்கியது. 2011 ஜூலை 29-ல் அது திருத்தப்பட்டது. அதற்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தேர்வு தேவையில்லை என்றே தமிழ்நாட்டில் வெகுகாலம் எல்லோரும் எண்ணியிருந்தோம். ஆனால் குழுமத்தின் 2014 ஒழுங்குமுறையில் 4(ஆ) என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் பதவி உயர்வு பெறுவதற்கும் அந்த அடுத்த நிலைக்கான குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்றது அது.

2023 ஜூன் 2-ல் சென்னை உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு இதை வைத்துத் தீர்ப்பளித்தது. 2011 ஜூலை 29-க்கு முன் நியமனமானவர்கள் தேர்வு இல்லாமலே பணியில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்ச்சி கட்டாயம். அரசும் ஆசிரியர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2025 செப்டம்பர் 1-ல் அஞ்சுமன் இஷாத்-இ-தாலீம் அறக்கட்டளை வழக்கில் நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, அகஸ்டின் ஜார்ஜ் மசி அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் பணியில் தொடரவே இரண்டாண்டுக்குள் தேர்ச்சி பெறவேண்டும். ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தேர்ச்சி இல்லாமல் ஓய்வு வயது வரை தொடரலாம். ஆனால் பதவி உயர்வு கேட்க முடியாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியை மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

இருபது, இருபத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நின்றவரை மறுபடி தேர்வு மேசையில் உட்காரச் சொல்வது கொடுமை என்றே நினைக்கிறேன். தமிழ்நாடு அரசும் மறுஆய்வு மனு தாக்கல் செய்தது. ஆனாலும் உங்களிடம் நான் சொல்வது இதுதான்: மனுவை நம்பி ஒரு தேர்வைக்கூடத் தவறவிடாதீர்கள். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், படிப்பு ஒரு பக்கம் நடக்கட்டும். தேர்ச்சி பெற்றுவிட்டால் வழக்கில் எதிர்த்தரப்பின் மிகப் பெரிய ஆயுதம் போய்விடுகிறது. சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும் என்று குழுமம் 2021-ல் முடிவு செய்துவிட்டதால், முன்னமே தேர்ச்சி பெற்று ஏழாண்டு கடந்துவிட்டதே என்று கவலைப்பட்டவர்களும் பழைய சான்றிதழை எடுத்துவந்து எஸ்.ஆர்.-இல் பதியலாம்.

எந்தத் தாள் என்பதில் கவனம் வேண்டும். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு முதல் தாள். ஆறு முதல் எட்டுக்கு இரண்டாம் தாள். இடைநிலை ஆசிரியர் பணியில் நிலைக்க முதல் தாள் போதும் என்று அதை மட்டும் எழுதுகிறார். பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்கு அது உதவாது, இரண்டாம் தாள் வேண்டும். வயதும் நேரமும் இடம்கொடுத்தால் இரண்டையும் எழுதுங்கள். 150 மதிப்பெண்ணுக்கான தேர்வு. உங்கள் பிரிவுக்கான தேர்ச்சி மதிப்பெண்ணை நீங்கள் எழுதும் ஆண்டின் அறிவிக்கையில் பாருங்கள், பழைய ஆண்டுக் கணக்கை நம்பாதீர்கள்.

தாமதம் கொல்லும்

பதவி உயர்வு வழக்குகளில் தோற்றவர்களில் எத்தனையோ பேருடைய குறை உண்மையான குறை. நேரம் கடந்துவிட்டதால் தோற்றார்கள். பி.எஸ். சதாசிவசாமி எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கை நம் ஊர் அரசு ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இளையவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்து பதினான்கு ஆண்டு கழித்து அவர் நீதிமன்றம் வந்தார். ஆறு மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1974-ல் சொன்ன அந்த ஆறு மாதம், ஓராண்டுக் கணக்கை அரசு வழக்கறிஞர்கள் இன்றும் எதிர்வாதுரையில் முதல் பத்தியிலேயே எழுதுகிறார்கள்.

'நான் சும்மா இருக்கவில்லை, மனு மேல் மனு கொடுத்தேன்' என்பது பதிலாகாது. சி. ஜேக்கப் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், பழைய கோரிக்கைக்குப் புதிய விண்ணப்பம் கொடுத்து அதற்கு ஒரு பதில் வாங்கிவிட்டால் காலாவதியான உரிமை உயிர்பெறாது என்றது. சம்பள நிர்ணயத் தவறு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் அதற்குக் கொஞ்சம் சலுகை உண்டு. அங்கும் மனுவுக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம் என்று தர்செம் சிங் வழக்கு சொல்கிறது. பதவி உயர்வும் பணிமூப்பும் அடுத்தவரின் இடத்தைத் தொடுவதால் அந்தச் சலுகை அங்கே கிடையாது.

ஆகவே தற்காலிக முன்னுரிமைப் பட்டியல் வந்து ஆட்சேபணை கேட்ட அன்றே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். உங்கள் நியமனத் தேதி, தகுதி பெற்ற தேதி, பொருந்தும் விதி எண், உங்களுக்கு மேலே வைக்கப்பட்ட இளையவரின் வரிசை எண், என்ன திருத்தம் வேண்டும் என்பது. வட்டாரக் கல்வி அலுவலர் அல்லது தலைமை ஆசிரியர் வழியாகக் கொடுங்கள். முன்நகலைப் பதிவஞ்சலில் இயக்குநருக்கு அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இல்லாத விண்ணப்பம் நீதிமன்றத்தில் விண்ணப்பமே அல்ல. முப்பது நாளில் பதில் வராவிட்டால், அதன்மேல் என்ன நடவடிக்கை என்று பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். அந்தப் பதிலுக்காகவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்; இளையவருக்கு ஆணை வந்த நாளிலிருந்து உங்கள் கடிகாரம் ஓடுகிறது.

சக ஆசிரியரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது

இங்கேதான் பலர் பின்வாங்குகிறார்கள். ஒரே பள்ளியில், பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஒருவரின் பதவி உயர்வை எதிர்த்து அவர் பெயரை எழுத மனம் வராது. மனிதர்களுக்கு இருக்க வேண்டிய மனம்தான் அது. ஆனால் சட்டம் இதைக் கேட்கிறது. உத்தரப் பிரதேச ஆசிரியர்கள் தொடர்பான பிரபோத் வர்மா வழக்கில், பாதிக்கப்படப்போகும் ஆசிரியர்களில் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் சங்கம் தொடுத்த மனுவை உயர் நீதிமன்றம் விசாரித்திருக்கவே கூடாது என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எண்ணிக்கை அதிகமென்றால் சிலரையாவது மற்றவர்களின் சார்பாகச் சேர்க்கவேண்டும். நோட்டீஸ் வீட்டுக்குப் போவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். 'டீச்சர், உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல, லிஸ்ட்ல என் பேர் வரலைங்கறதுதான் கேஸ், உங்க பேரையும் சேர்த்தாத்தான் கோர்ட் கேக்கும்னு வக்கீல் சொல்றாரு' என்று நேரில் சொன்னால் ஆசிரியர் அறை இரண்டாக உடையாது. அவர் பதவியைப் பறிக்காமல் உங்களுக்கும் இடம் கேட்க வழியிருந்தால், கோரிக்கையை அப்படியே அமையுங்கள். மனம் நோகாது, நீதிமன்றமும் எளிதில் தரும்.

உயர் நீதிமன்றத்தில்

மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்ட பிறகு ஆசிரியர்களின் பணி வழக்குகள் அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் நேரே உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகின்றன. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் தொடங்கித் தெற்கே கன்னியாகுமரி வரை மதுரைக் கிளை, மற்றவை சென்னை.

மனுவின் கோரிக்கைப் பத்தியை நீங்களே படியுங்கள். அதுதான் வழக்கு. உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள் என்று மட்டும் கேட்டால், பன்னிரண்டு வாரத்தில் பரிசீலிக்க வேண்டும் என்று முதல் நாளே உத்தரவு கிடைத்துவிடும். ஊரில் 'கேஸ் ஜெயிச்சுட்டோம்' என்று சொல்லிக்கொள்வார்கள். மூன்று மாதத்தில் 'பரிசீலித்தோம், நிராகரிக்கிறோம்' என்று ஒரு செயல்முறை ஆணை வரும். மறுபடி முதலிலிருந்து வழக்கு. நிராகரிப்பு ஆணை கையில் இருந்தால் அதை ரத்து செய்யக் கேளுங்கள்; இன்ன ஆண்டுப் பட்டியலில், இன்னாருக்கு மேலே, இன்ன தேதியிலிருந்து பெயரைச் சேர்க்க உத்தரவு கேளுங்கள்; ஊதியம், ஓய்வூதியம் தொடர்பான பின்பயன்களையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காததை நீதிமன்றம் பெரும்பாலும் தருவதில்லை.

இடைக்கால உத்தரவில் மொத்தக் கலந்தாய்வுக்கும் தடை கேட்கும் ஆசை வரும். உங்கள் ஒருவருக்காக ஒரு மாநிலத்தின் பதவி உயர்வு நின்றால் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் காத்திருப்பார்கள், பள்ளிகளில் பணியிடம் காலியாகக் கிடக்கும், பாடம் இல்லாமல் பிள்ளைகள் இருப்பார்கள். ஒரு பணியிடத்தை மட்டும் நிரப்பாமல் வைக்கவும், செய்யும் பதவி உயர்வுகள் இந்த வழக்கின் முடிவுக்கு உட்பட்டவை என்று குறிப்பிடவும் கேட்டால் போதும். உங்கள் உரிமையும் காக்கப்படும்.

சங்கத்தின் வழக்கு நடக்கிறதே, தீர்ப்பு வந்தால் எனக்கும் பொருந்துமே என்று காத்திருக்கலாமா? கொள்கை முடிவை எதிர்க்கும் வழக்கென்றால் ஓரளவு சரி. அர்விந்த் குமார் ஸ்ரீவஸ்தவா வழக்கில் 2014-ல் உச்ச நீதிமன்றம், ஒரே நிலையில் உள்ளவர்களுக்கு ஒரே பலன் தருவதே விதி என்றது. ஆனால் மற்றவர் ஜெயிக்கும்வரை வேலியோரம் நின்றவர்களுக்கு அது கிடைக்காமல் போகலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. உங்கள் பட்டத்தின் தேதி, உங்கள் இளையவரின் ஆணை என்று தனிப்பட்ட விவரங்கள் இருந்தால், உங்கள் பெயரில் தனி மனு வேண்டும்.

வழக்கு நடக்கும்போது வேறு பள்ளிக்குப் பதவி உயர்வு வழங்கி, தூரம் காரணமாக நீங்கள் 'வேண்டாம்' என்று எழுதிக்கொடுத்தால், அந்த உரிமைத் துறப்பு உங்கள் பழைய கோரிக்கையையும் கேள்விக்குள்ளாக்கும். கையெழுத்திடும் முன் வழக்கறிஞருக்கு ஒரு போன் போடுங்கள்.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் பதவி உயர்வு பெரும்பாலும் கருத்தியலாக, அதாவது பழைய தேதியிட்டு, வரும். இடைப்பட்ட காலச் சம்பளம் தானாக வந்துவிடாது. வேலை செய்யத் தயாராக இருந்தவரைத் துறையே தள்ளி வைத்திருந்தால் 'வேலை இல்லை, ஊதியம் இல்லை' என்ற கோட்பாடு அப்படியே பொருந்தாது என்று 1991-ன் ஜானகிராமன் தீர்ப்பில் இருக்கிறது. எல்லா வழக்கிலும் நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றவில்லை. நிலுவை கிடைக்காவிட்டாலும், ஊதிய நிர்ணயமும் பணிமூப்பும் பழைய தேதியிலிருந்து வரவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்துத் தலைமை ஆசிரியர் பட்டியலில் நீங்கள் நிற்கும் இடம் அதைப் பொறுத்தது. விசாரணை முடிவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டால் வழக்கைக் கைவிட வேண்டியதில்லை. ஓய்வூதியத் திருத்தத்துக்காக அது தொடரும்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலை வாங்கி, எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவஞ்சலில் அனுப்புங்கள். துறை மேல்முறையீடு செய்ய முப்பது நாள் இருக்கிறது. அது தாக்கலாகிறதா என்று நீதிமன்ற இணையத்தளத்தில் உங்கள் வழக்கு எண்ணைப் போட்டு வாராவாரம் பாருங்கள், கேவியட் மனுவும் போட்டு வையுங்கள். நிறைவேற்றக் கொடுத்த கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று நாட்காட்டியில் குறியுங்கள். அந்தத் தேதி தாண்டியும் ஆணை வராவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனுவுக்கு உங்களுக்கு இருப்பது ஓராண்டு மட்டுமே. 'கோப்பு இயக்ககத்தில் இருக்கிறது, செயலகம் போயிருக்கிறது' என்ற பதிலைக் கேட்டுக்கொண்டே அந்த ஓராண்டைக் கரைத்துவிடாமல், கெடு முடிந்த மாதத்திலேயே வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிவிடுங்கள்.